வீட்டில் சும்மா கிடக்கும் பழைய 'கார்டு': புதுசோடு சேர்த்து மாட்டினால் வேகம் கூடுமா?

ரிச்சி தெருவில் வாலிபர்கள் கேட்கும் கேள்வி. காசு போவது எங்கே, பலன் கிடைப்பது எங்கே?

சென்னை,-

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் கடைகள்தான். ஒயர், ஸ்பீக்கர், சி.சி.டி.வி. கேமரா, சார்ஜர், பழைய லேப்டாப் என்று கண்ணில் படுவதெல்லாம் எலெக்ட்ரானிக் சாமான்கள். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்து தெருக்களிலும் இதே வியாபாரம். ஸ்கூட்டரை நிறுத்த இடம் கிடைக்காது. ஆனாலும் கூட்டத்துக்கு குறைச்சல் இல்லை.

இங்குள்ள கம்ப்யூட்டர் கடைகளுக்கு வரும் கல்லூரி மாணவர்கள் சிலருடைய கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். பைக்குள் பழைய 'கிராபிக்ஸ் கார்டு'.

புது கார்டு வாங்கியாகி விட்டது. அப்பாவை நச்சரித்து வாங்கியதாக இருக்கலாம். மாதத் தவணையில் வாங்கியதாகவும் இருக்கலாம். பழசு மிச்சம். விற்றால் அடிமாட்டு விலைக்கு கேட்கிறார்கள். வீட்டில் வைத்தால் தூசி படிகிறது. அப்போதுதான் அந்த யோசனை வருகிறது.

"அண்ணே, இதுவும் நல்லா வேலை செய்யுற கார்டுதான். போர்டுல இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கு. அதுல இதையும் சொருகிட்டா கேம் இன்னும் ஸ்பீடா ஓடுமா?"

பேச்சு இப்படித்தான் தொடங்கும். கடைக்காரர் நல்ல மனுஷனாக இருந்தால், "அதெல்லாம் ஓடாது தம்பி, அந்த காலம் மலையேறிப் போச்சு" என்று சொல்லி அனுப்பி விடுவார்.

வேறு மாதிரி ஆளாக இருந்தால், "ஓடும். ஆனா எஸ்.எம்.பி.எஸ். பெருசா போடணும். போர்டும் மாத்தணும். கேபினட்டும் பத்தாது" என்று ஆரம்பித்து விடுவார். 'சும்மா கிடக்கும்' கார்டுக்காக பல ஆயிரம் ரூபாய் கரைந்து விடும். வீட்டுக்கு வந்து விளையாட்டைப் போட்டால் பழைய வேகமே!

இதில் உண்மை என்ன?

8-ம் 4-ம் 12 அல்ல

கம்ப்யூட்டர் விளையாட்டில் திரையில் ஓடுவது சினிமா படம் மாதிரி முன்பே எடுத்து வைத்த படம் அல்ல. ஆட்டக்காரர் திரும்பும் திசைக்கு ஏற்ப ஒவ்வொரு படமும் அந்த நொடியிலேயே வரையப்படுகிறது. நொடிக்கு 60 படம், 120 படம் என்று வரைந்து தள்ளுவதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை.

வரைவதற்கு வேண்டிய சாமான்களை, அதாவது சுவர், தரை, ஆள், துப்பாக்கி எல்லாவற்றையும் கார்டு தன் சொந்த நினைவகத்தில் வைத்துக் கொள்கிறது. புது கார்டில் 8 ஜி.பி., பழசில் 4 ஜி.பி. இருந்தால் மொத்தம் 12 ஜி.பி. என்று கணக்கு போடுகிறவர்கள் உண்டு. விளையாட்டில் அந்த கணக்கு செல்லாது. பக்கத்து வீட்டு பீரோவில் இடம் காலியாக இருந்தால் நம் வீட்டு துணியை அதில் அடுக்கி வைத்து, அவசரத்துக்கு ஓடி ஓடி எடுத்து வர முடியுமா?

இரண்டு கார்டு போட்டால் விண்டோஸ் இரண்டையும் காட்டும். "ஆகா, ரெண்டும் தெரியுது" என்று சந்தோஷப்படுவதோடு சரி. விளையாட்டு ஒன்றை மட்டும்தான் எடுத்துக் கொள்ளும். மானிட்டர் ஒயரை மறதியாக பழைய கார்டில் சொருகி வைத்தால் சில சமயம் விளையாட்டு அதிலேயே ஓடத் தொடங்கி, முன்பு இருந்த வேகமும் போய் விடும்.

1998-ல் பிறந்த மோகம்

இந்த ஆசை வாலிபர்களுக்கு தானாக வந்தது அல்ல. ஒரு காலத்தில் இரண்டு கார்டு போட்டால் நிஜமாகவே வேகம் கூடியது.

1998-ம் ஆண்டு அமெரிக்காவின் 3டிஎப்எக்ஸ் கம்பெனி 'வூடூ 2' என்ற கார்டை கொண்டு வந்தது. இதில் ஒரு வேடிக்கை. இந்த கார்டுக்கு விளையாட்டு படம் மட்டும்தான் வரையத் தெரியும். சாதாரண விண்டோஸ் திரையைக் காட்ட இன்னொரு கார்டு கட்டாயம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஒயரை மாட்ட வேண்டும்.

வசதி உள்ளவர்கள் இரண்டு 'வூடூ 2' வாங்கினார்கள். அப்போது உள்ளே மொத்தம் 3 கார்டு! திரையில் உள்ள கோடுகளில் ஒற்றைப்படை கோடுகளை ஒரு கார்டும், இரட்டைப்படை கோடுகளை மற்றொன்றும் வரைந்தன. 800-க்கு 600 புள்ளி அளவில் ஓடிய விளையாட்டை 1024-க்கு 768 அளவில் பார்க்க முடிந்தது. அன்றைக்கு அது பெரிய விஷயம். இந்த ஏற்பாட்டுக்கு 'எஸ்.எல்.ஐ.' என்று பெயர்.

அந்த கம்பெனி நொடித்துப் போய், 2000-ம் ஆண்டு டிசம்பரில் அதன் சொத்துகளை என்விடியா வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2004-ம் ஆண்டில் 'எஸ்.எல்.ஐ.' என்ற அதே மூன்றெழுத்தை தூசி தட்டி எடுத்து என்விடியா மீண்டும் இரட்டைக் கார்டுகளை களத்தில் இறக்கியது. போட்டிக் கம்பெனியான ஏ.டி.ஐ. சும்மா இருக்குமா? மறு ஆண்டே 'கிராஸ்பயர்' என்று தன் பங்குக்கு ஒன்றை விட்டது.

இந்த முறையில் பெரும்பாலும் ஒரு படத்தை முதல் கார்டு வரையும். அடுத்த படத்தை இரண்டாவது கார்டு வரையும். இப்படி மாறி மாறி.

இரண்டு பரோட்டா மாஸ்டர்

ஓட்டலில் ஒரு கல்லுக்கு இரண்டு பரோட்டா மாஸ்டர் நிற்பதாக வைத்துக் கொள்ளலாம். ஒருவர் ஒன்று போட, அடுத்தவர் அடுத்தது போடுகிறார். இரண்டு பேர் கையும் ஒரே வேகம் என்றால் சாப்பிடுகிறவர் இலையில் பரோட்டா தடையில்லாமல் விழும்.

ஒருவர் அனுபவஸ்தர், இன்னொருவர் நேற்று வேலைக்கு சேர்ந்தவர் என்றால்? ஒன்று சட்டென்று வரும். அடுத்ததுக்கு வாயைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். மொத்தக் கணக்கில் பரோட்டா அதிகம்தான். ஆனால் சாப்பிட்டவருக்கு எரிச்சல்தான் மிச்சம்.

இதனால்தான் என்விடியா முறையில் இரண்டு கார்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஒரே மாடலாக இருந்தும் சில விளையாட்டுகளில் படம் நூலிழை தத்தித் தத்தி வந்ததை அன்றைய ஆட்டக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழசும் புதுசும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் விளையாட்டுகளே மாறி விட்டன. இப்போதைய விளையாட்டுகள் ஒரு படத்தை வரைய, அதற்கு முந்தைய படத்தில் உள்ள விவரங்களையும் எடுத்துக் கொள்கின்றன. ஓரங்களை வழுவழுப்பாக காட்டுவது போன்ற வேலைகளுக்கு அது வேண்டும். முந்தைய படம் இன்னொரு கார்டில் இருந்தால் அதை இழுத்து வருவதற்குள் நேரம் போய் விடுகிறது. சேர்ந்து செய்கிற வேலை தனியாக செய்வதை விட தாமதமாகி விடுகிறது.

இரண்டு கார்டு வைத்திருப்பவர்கள் நூற்றில் சிலர். அவர்களுக்காக விளையாட்டு கம்பெனிகள் தனியாக உழைக்க வேண்டும். யார் உழைப்பார்கள்?

2016-ம் ஆண்டு வந்த 'ஜி.டி.எக்ஸ். 1060' கார்டில் எஸ்.எல்.ஐ. வசதியே இல்லை. 2020-ல் வந்த 30 வரிசையில் மிகவும் விலை உயர்ந்த '3090' கார்டுக்கு மட்டும் இணைப்பு கொடுத்தார்கள். 2021 ஜனவரி 1-ந் தேதி முதல் பழைய கார்டுகளின் எஸ்.எல்.ஐ.க்கு புதிய விளையாட்டு ஏற்பாடுகள் சேர்ப்பதை என்விடியா நிறுத்தியது. 2022-ல் வந்த '4090'-ல் அதுவும் இல்லை. ஏ.டி.ஐ.யை 2006-ல் வாங்கிய ஏ.எம்.டி. கம்பெனியும் 2019-ல் வந்த 'ஆர்.எக்ஸ். 5700' கார்டோடு கிராஸ்பயருக்கு முழுக்கு போட்டு விட்டது.

நடுவில் ஒரு நப்பாசை எழுந்தது. விண்டோஸ் 10-ல் வந்த 'டைரக்ட்எக்ஸ் 12' மூலம் வேறு வேறு கம்பெனி கார்டுகளையும் சேர்க்கலாம் என்றார்கள். 2016-ல் வந்த 'ஆஷஸ் ஆப் தி சிங்குலாரிட்டி' என்ற விளையாட்டு என்விடியாவையும் ஏ.எம்.டி.யையும் ஒரே நுகத்தில் பூட்டிக் காட்டியது. பின்னால் வந்தவர்கள் மிகச் சிலர்.

எடுபிடி வேலை

அப்படியானால் பழைய கார்டை தூக்கிப் போட்டு விட வேண்டியதுதானா? இல்லை. கல்லில் நிற்க முடியாத ஆள் வெங்காயம் நறுக்கலாமே! முக்கிய வேலையில் இருந்து தனியாக பிரித்துக் கொடுக்கக் கூடிய வேலை எது இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அப்படி ஒரு வேலைக்கு பெயர் 'பிசிக்ஸ்'. கண்ணாடி நொறுங்கி சிதறுவது, துணி காற்றில் படபடப்பது, புகை சுருண்டு எழுவது இவற்றை எல்லாம் நிஜம் போல் கணக்கிடும் முறை. 2006-ல் ஏஜியா என்ற கம்பெனி இதற்கென்றே தனி கார்டு விற்றது. 2008-ல் அந்த கம்பெனியை என்விடியா வாங்கி, தன் கிராபிக்ஸ் கார்டுகளிலேயே அந்த கணக்கை ஓட வைத்தது.

அன்று முதல் பழைய என்விடியா கார்டுக்கு ஒரு மவுசு வந்தது. புது கார்டு படம் வரையும். பழசு கண்ணாடித் துண்டை எண்ணும். என்விடியாவின் கன்ட்ரோல் பேனலில் இதை தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு. 2009-ல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்', 2012-ல் வந்த 'பார்டர்லாண்ட்ஸ் 2' ஆகியவற்றை ஆடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஏ.எம்.டி. கார்டை முக்கியமாக வைத்து, என்விடியாவை எடுபிடியாக வைத்தவர்களும் இருந்தார்கள். 2009-ல் என்விடியா தன் டிரைவரில் அதற்கு கட்டை போட்டது. தன் கடை ஆள் அடுத்த கடையில் வேலை செய்யக் கூடாது என்பது போல!

டிரைவர் என்றால் லாரி டிரைவர் அல்ல. கார்டுக்கும் விண்டோசுக்கும் நடுவே இருந்து வேலை வாங்கித் தரும் புரோகிராம். அதன் கதை இந்த விஷயத்தில் முக்கியம்.

2025-ல் அதிர்ச்சி

2025-ம் ஆண்டு ஜனவரியில் 'ஆர்.டி.எக்ஸ். 50' வரிசை கார்டுகள் விற்பனைக்கு வந்தன. லட்சக்கணக்கில் கொடுத்து பெரிய கார்டு வாங்கியவர்கள் பழைய 'மிர்ரர்ஸ் எட்ஜ்', 'பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி', 'மாபியா 2' போன்றவற்றைப் போட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி உடையும் இடத்தில் படம் நொண்டி அடித்தது!

காரணம், பழைய 32 'பிட்' முறையில் எழுதிய புரோகிராம்களுக்கு தேவையான வசதியை அந்த கார்டுகளில் இருந்து என்விடியா எடுத்து விட்டது. பிசிக்ஸ் கணக்கு முழுவதும் பிராசசர் தலையில் விழுந்தது. அது திணறியது. பத்து ஆண்டு பழைய விளையாட்டு, அன்றைய சாதாரண கார்டில் ஓடிய அளவுக்கு கூட அன்றைக்கு உலகிலேயே வேகமான கார்டில் ஓடவில்லை.

ஆட்டக்காரர்கள் விடுவார்களா? பரணில் கிடந்த பழைய கார்டை எடுத்து பக்கத்தில் சொருகினார்கள். கண்ணாடி மறுபடி அழகாக உடைந்தது. எத்தனையோ ஆண்டுக்கு பிறகு இரட்டைக் கார்டுக்கு ஒரு உருப்படியான காரணம் கிடைத்தது.

இந்த மகிழ்ச்சி அந்த ஆண்டு முடிவதற்குள் திசை மாறியது. 2025 அக்டோபரில் 'ஜி.டி.எக்ஸ். 10' வரிசை மற்றும் அதற்கு முந்தைய 'மேக்ஸ்வெல்' வகை கார்டுகளுக்கு விளையாட்டு டிரைவர் கொடுப்பதை என்விடியா முடித்துக் கொண்டது. 580 என்ற எண் வரிசையோடு சரி. பாதுகாப்பு திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்தது.

சிக்கல் எங்கே என்றால், ஒரே கம்ப்யூட்டரில் உள்ள இரண்டு என்விடியா கார்டும் ஒரே டிரைவரைத்தான் பகிர்ந்து கொள்ள வேண்டும். பழைய '1050 டி.ஐ.' கார்டை எடுபிடியாக வைத்தவர் 580 வரிசையிலேயே நின்றாக வேண்டும். புதிய விளையாட்டுகளுக்கு வரும் திருத்தங்கள் அவருடைய புது கார்டுக்கும் கிடைக்காது. கிழவருக்காக குமரனும் பாயில் படுத்த கதை.

டிசம்பரில் இன்னொரு திருப்பம். 591.44 என்ற டிரைவரில், குறிப்பிட்ட சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் 50 வரிசை கார்டுகளிலேயே பிசிக்ஸ் ஓடும்படி என்விடியா திருத்தி விட்டது. ஆர்க்கம் சிட்டி, பார்டர்லாண்ட்ஸ் 2, மாபியா 2, மெட்ரோ 2033, மிர்ரர்ஸ் எட்ஜ் ஆகியவை அதில் அடக்கம். இந்த திருத்தம் வேண்டும் என்றால் புது டிரைவர் வேண்டும். புது டிரைவர் வேண்டும் என்றால் 10 வரிசை பழைய கார்டை கழற்ற வேண்டும்!

ஆகவே பிசிக்சுக்காக இனிமேல் காசு கொடுத்து பழைய கார்டு வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல. அந்த பட்டியலில் இல்லாத பழைய விளையாட்டுக்காக ஒருவர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், 'ஜி.டி.எக்ஸ். 1650' அல்லது அதற்கு மேல் உள்ளதாக பார்ப்பது நல்லது. அந்த வகைக்கு புது டிரைவர் நிறுத்தப்படவில்லை.

நடுவில் படம் சொருகும் வித்தை

பழைய கார்டுக்கு இப்போது உள்ள பெரிய வேலை வேறு. 'ஸ்டீம்' கடையில் விற்கும் 'லாஸ்லெஸ் ஸ்கேலிங்' என்ற சின்ன புரோகிராம்தான் இதற்கு காரணம்.

புது கார்டு நொடிக்கு 60 படம் வரைகிறது. இந்த புரோகிராம் இரண்டு படத்துக்கு நடுவே எப்படி இருக்கும் என்று ஊகித்து, ஒரு படத்தை தானாக தயாரித்து சொருகி விடுகிறது. திரையில் 120 ஓடுவதாக தெரியும். அசைவு வழுக்கிக் கொண்டு போகும்.

இதை ஒரே கார்டில் செய்தால், ஊகிக்கும் வேலைக்கும் அந்த கார்டே உழைக்க வேண்டும். 60 படம் 50-க்கு இறங்கி விடலாம். ஊகிக்கும் வேலையை பழைய கார்டிடம் கொடுத்தால் புது கார்டு நிம்மதியாக வரையும். இங்கே கம்பெனி பேதம் இல்லை. ஒன்று என்விடியா, மற்றது ஏ.எம்.டி. அல்லது இன்டெல் என்றாலும் பரவாயில்லை.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. மானிட்டர் ஒயரை பழைய கார்டில் சொருக வேண்டும். புதுசில் அல்ல! புது கார்டு வரைந்த படம் பழசுக்கு போய், அங்கே நடுப்படம் சேர்ந்து, அங்கிருந்துதான் திரைக்கு போக வேண்டும். ஒயரை புதுசில் வைத்தால் படம் போய்த் திரும்பி வந்து நேரம் வீணாகும். பிறகு விண்டோஸ் 11-ன் கிராபிக்ஸ் அமைப்பில் விளையாட்டு எந்த கார்டில் ஓட வேண்டும் என்பதை குறிப்பிட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் "எல்லாம் டுபாக்கூரு" என்று திட்டுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று ஸ்லாட். போர்டில் உள்ள இரண்டாவது ஸ்லாட் பார்க்க முதலாவது போலவே நீளமாக இருக்கும். உள்ளே 16 பாதைக்கு பதில் 4 பாதைதான் ஓடும். சில போர்டுகளில் 1 பாதை! போர்டோடு வந்த புத்தகத்தில் இது அச்சாகி இருக்கும். யாரும் படிப்பது இல்லை.

கணக்கு எளியது. '4கே' திரையில் ஒரு படம் சுமார் 33 எம்.பி. நொடிக்கு 60 என்றால் 2 ஜி.பி. மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் ஒரு பாதை நொடிக்கு சுமார் 1 ஜி.பி.தான் கடத்தும். பிறகு எப்படி போகும்? அதே படம் சாதாரண 1080 திரையில் 8 எம்.பி. சொச்சம்தான். 4 பாதை இருந்தால் தாராளம். கார்டும் ஓரளவு தெம்பாக இருக்க வேண்டும். 'ஜி.டி. 1030' போன்ற பொடிக் கார்டு 4கே திரைக்கு தாங்காது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஊகித்த படம் ஊகித்த படம்தான். பொத்தானை அழுத்தியது திரையில் தெரிய சற்று தாமதம் ஆகும். ஊர் சுற்றும் விளையாட்டு, கதை விளையாட்டுக்கு பரவாயில்லை. 'வாலரண்ட்' மாதிரி கண் இமைக்கும் நேரத்தில் சுட வேண்டிய ஆட்டத்தில் எதிரி முந்தி விடுவான்.

கருகும் வாடை

பணம் போவது ஒரு பக்கம். பொருளே போய் விடும் ஆபத்து இன்னொரு பக்கம்.

'ஆர்.டி.எக்ஸ். 5070' முழு வேகத்தில் 250 வாட் இழுக்கும். பக்கத்தில் ஒரு '1650' வைத்தால் 75 வாட். பிராசசருக்கு 150, மற்ற சில்லறைக்கு 50 என்றால் 525 வாட் ஆகி விட்டது. மிச்சம் உள்ள பழைய கார்டு '1080 டி.ஐ.' என்றால் அது மட்டுமே 250 வாட். மொத்தம் 700.

இந்த சுமையை '500 வாட்' என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.சில் ஏற்றினால் என்ன ஆகும்? விளையாட்டு நடுவில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணையும். அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் இல்லாதவருக்கு கருகும் வாடை வரும். போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக் கொண்டு போய் விடும்.

ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு 75 வாட் வரைதான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளுக்கு 6 முனை, 8 முனை ஒயர் மாட்ட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.சில் அந்த ஒயர் தீர்ந்து போனால் சிலர் ஹார்டு டிஸ்க்குக்கு போகும் 'சாட்டா' ஒயரில் இருந்து கன்வர்ட்டர் போட்டு இழுக்கிறார்கள். கன்வர்ட்டர் மலிவு. ஆனால் அந்த முனை 54 வாட்டுக்கு மேல் தாங்காது. பிளாஸ்டிக் உருகுவது இங்கேதான். தனி ஒயர் கேட்காத, 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டு ஒன்றுதான் எடுபிடி வேலைக்கு பயமில்லாதது.

சென்னை வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏ.சி. இல்லாத அறை, மே மாதம், மூடிய கேபினட். பழைய கார்டு புதுசின் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து கொண்டு காற்றை மறிக்கிறது. புதுசு சூடேறி தன் வேகத்தை தானே குறைத்துக் கொள்கிறது. வேகம் கூட்ட மாட்டிய கார்டால் வேகம் குறைந்த விந்தை! இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு ஸ்லாட் இடைவெளியாவது வேண்டும். இப்போதைய கார்டுகளின் தடிமனுக்கு அது பல போர்டுகளில் கிடைப்பதே இல்லை.

கரண்டு செலவு அவ்வளவு பெரியது அல்ல. 75 வாட் கார்டு தினம் 4 மணி நேரம் முழுதாக உழைத்தால் மாதம் 9 யூனிட்.

விளையாட்டுக்கு வெளியே

இரண்டாவது மானிட்டரில் பாட்டு, 'சாட்', கிரிக்கெட் ஸ்கோர் ஓட விடுவதற்காக பழைய கார்டை வைக்கிறவர்களும் உண்டு. இதற்கு கார்டே தேவை இல்லை. பிராசசருக்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருந்தால் மதர் போர்டின் பின்பக்க முனையில் ஒயரை சொருகினால் போதும். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'எப்' இருந்தால் மட்டும் அந்த வசதி கிடையாது.

விளையாட்டை விட்டு வேலைக்கு வந்தால் கதை வேறு. 'பிளெண்டர்' புரோகிராமில் முப்பரிமாண படம் தயாரிக்கிறவர்களுக்கு இரண்டு கார்டும் சேர்ந்து உழைக்கும். அங்கே படத்தை துண்டு துண்டாக பங்கு போடலாம். யாரும் பொத்தானை அழுத்தி விட்டு காத்திருக்கவில்லை. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களில் காசு கொடுத்து 'டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ' வைத்திருப்பவர்களுக்கும் பலன் உண்டு. செயற்கை நுண்ணறிவு மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கும் மாணவர்களுக்கு, மாடலை அடுக்கு அடுக்காக பிரித்து இரண்டு கார்டிலும் வைக்க முடிகிறது. 8-ம் 4-ம் 12 என்ற கணக்கு செல்லுபடியாகும் இடம் அதுதான்.

தம்பிக்கு ஒரு கம்ப்யூட்டர்

இவை எதுவும் பொருந்தாதவருக்கு அந்த கார்டு இரண்டாவது ஸ்லாட்டில் இருந்து சம்பாதித்துக் கொடுக்கப் போவது ஒன்றும் இல்லை. வேறு ஒரு கம்ப்யூட்டரின் முதல் ஸ்லாட்டில் அதற்கு மரியாதை உண்டு.

ஆபீசுகள் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர்கள் ரிச்சி தெரு பக்கம் நிறைய விற்பனைக்கு வருகின்றன. பிராசசரும் நினைவகமும் சுமாராக இருக்கும். கிராபிக்ஸ் மட்டும் சொல்லிக் கொள்ளும்படி இருக்காது. '1650' போல தனி ஒயர் கேட்காத கார்டு ஒன்றை அதில் சொருகினால் 'ஜி.டி.ஏ. 5' தாராளமாக ஓடும். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் சண்டை ஓய்ந்தது.

விற்பதானாலும் தள்ளிப் போடாமல் விற்பது நல்லது. டிரைவர் நின்று போன 10 வரிசை கார்டை பேரம் பேசுகிறவர் அதையே காரணமாக சொல்லி விலையை குறைப்பார். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் 'எத்தீரியம்' நாணயம் தோண்டுவது நின்றதும், அந்த வேலையில் இரவு பகலாக காய்ந்த கார்டுகள் ஏராளமாக சந்தைக்கு வந்தன. துடைத்து வைத்தால் எல்லாம் புதுசு மாதிரிதான் தெரியும். விசிறி சத்தமும் சூடும்தான் காட்டிக் கொடுக்கும்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு கார்டு போடுகிறவர்கள் ஒரு ஸ்கேலையும் எடுத்துச் செல்வது நல்லது. அவற்றில் பல ஒல்லிக் கேபினட். அதற்குள் குட்டைக் கார்டுதான் நுழையும். குட்டைத் தகடு பெட்டியோடு இருக்கிறதா என்பதையும் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். தனியாக தேடினால் தெருத் தெருவாக அலைய வேண்டி இருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.